சுண்ணச் சாந்தும் கிளைவ் மாளிகையும்

இங்கிலாந்தை 1714 முதல் 1830 வரை ஜார்ஜ் என்னும் பெயருடைய நான்கு மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்டனர். அக்காலத்தில் தழைத்த கட்டடப்பாணி, ஜார்ஜியன் பாணி எனப்பெற்றது. நடுவாயிலின் இருபுறமும் ஒத்தமைந்த சாளரங்கள், அளவொத்த அறைகள், கிரேக்க, உரோமானிய மரபுத் தூண்கள் ஆகியன அதன் இயல்புகளாகும். செங்கற்சுவரைப் பூசாமல் விடுவதும் அந்நாட்டில் பெருவழக்காக இருந்தது.

மாளிகையின் வரலாறு

இப்பாணியின் சாயலைச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள கிளைவ் மாளிகையில் காணலாம். தொடக்கத்தில் இது ஆர்மீனிய வணிகர் ஒருவருக்கு உரியதாக இருந்தது. 1746இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர் 1749இல் அதனை ஆங்கிலேயரிடம் திருப்பியளித்தனர். பின்னர் இம்மாளிகை கிழக்கிந்தியக் கம்பெனியின் உடைமையாயிற்று. 1753இல் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் மணம் புரிந்த இராபர்ட் கிளைவ் இங்கு வாழ்ந்தார். அட்மிரால்டி மாளிகை என்றும் வழங்கப்பெற்ற இக்கட்டடம், பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் அலுவலகமாயிற்று.

மண்ணுக்கேற்ற மாற்றம்

ஆங்கிலேயர் கொணர்ந்த வடிவம், சென்னையின் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் ஏற்ப மாறியது. வெப்பம் மேலெழுந்து தங்க உயர்ந்த கூரையும், வெயில் உட்புகாதிருக்கத் தூண்தாங்கிய தாழ்வாரமும் அமைந்தன. செங்கற்சுவர்கள் சுண்ணச் சாந்தால் பூசப்பெற்றன.

கடற்கரையில் கிடைத்த கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பே அச்சாந்தின் அடிப்படை. அதனுடன் மணலைச் சேர்த்து அரைத்தனர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டு உறுதி கூட்டினர். மேற்பூச்சில் முட்டை வெண்கருவையும் தயிரையும் கலந்து, வழவழப்பான கல்லால் பலமுறை தேய்த்தனர். அதனால் செங்கல் தூண்கள் பளிங்கெனப் பொலிந்தன. மேல்தளத்திற்குத் தேக்கு உத்திரங்களின்மீது மெல்லிய செங்கற்களைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை இட்டனர். இம்முறை ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப் பெயர்பெற்றது.

காக்கும் முறை

சுண்ணாம்புச் சுவரில் ஊறும் ஈரம், நுண்துளைகள் வழியே வெளியேறிவிடும். பழுதுற்ற இடத்தில் சிமெண்ட் பூசினால் அவ்வழி அடைபடும். உள்ளே தேங்கும் ஈரமும் உப்பும் செங்கல்லை உதிரச் செய்யும். வலிவூட்டுவதாகக் கருதிச் செய்யும் பணியே அழிவுக்குக் காரணமாகும். ஆகவே, பழங்கட்டடத்தைப் பழைய சாந்தாலேயே செப்பனிடுதல் வேண்டும்.

மாளிகை, அதில் குடியிருந்தவரின் பெயரால் வழங்குகிறது. அதன் சுவர்களைக் காக்கும் அறிவோ கொத்தர்களின் கைகளில் உள்ளது. சுண்ணாம்பை அரைக்கவும் பதமறிந்து பூசவும் கற்போர் குறைந்தால், கட்டடத்திற்கு முன்னரே அக்கலை அழிந்துவிடும்.