பழைய ஃபாரின் பாய்லருக்கு பார்ட்ஸ் தேடுறீங்களா? ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கரிக்கலாம்பாக்கம், பாகூர் பக்கம் புழுங்கல் அரிசி மில்லுல பழைய இங்கிலாந்து விறகு பாய்லர் ஓட்டுறவங்களுக்கான பதிவு இது.

எல்லா பார்ட்ஸும் கப்பல்ல வரணும்னு இல்ல. அடுப்புல விறகைத் தாங்குற வார்ப்பிரும்புக் கம்பிக்கு நீராவி அழுத்தமே கிடையாது. பழைய கம்பியைக் காட்டினா கோவை ஃபவுண்டரியில வார்த்துக் கொடுப்பாங்க. ஆனா இரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும். பழசையே அச்சா வச்சா நீளம் குறைஞ்சிடும், அளவைச் சொல்லி வாங்குங்க. பைப் மரை பிரச்சினை இல்ல, நம்ம ஊர்லயும் பிரிட்டிஷ் மரைதான். போல்ட் மட்டும் விட்வொர்த் மரையா இருக்கும். மெட்ரிக் நட் ஏறாது.

டியூப், சேஃப்டி வால்வு வேற கதை. சான்றிதழ் இல்லாத பழைய இரும்புக்கடைச் சரக்கு வேண்டவே வேண்டாம். 1923 சட்டத்துக்குப் பதிலா வந்த 2025 பாய்லர் சட்டத்துலயும், அமைப்பை மாத்துற வேலைக்குத் தலைமை ஆய்வாளரோட எழுத்துபூர்வ அனுமதி வேணும்.

இறக்குமதிதான் வழின்னா, கணக்கு இப்படி: சுங்க வரி திரும்ப வராது. ஐஜிஎஸ்டியைக் கிரெடிட் எடுக்கலாம்னு நினைப்பீங்க. 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டை அரிசிக்கு ஜிஎஸ்டி இல்ல. அதை மட்டும் விக்கிற மில்லுக்குக் கிரெடிட்டும் இல்ல. மொத்தமும் கைக்காசு.

வருஷாந்திர ஆய்வுக்கு பாய்லரை நிறுத்தித்தான் ஆகணும். அனுமதியை முன்னாடியே வாங்கி, டியூப் வேலையையும் அப்பவே வைங்க. மில் ரெண்டு தடவை நிக்காது.