அறிவிக்கப்படும் அணியும் ஆடும் அணியும்: கேலிக் விளையாட்டுக்களில் போலிப் பட்டியல்

விளையாட்டை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் மரபு நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. கரீபியன் தீவுகளின் சமூகத்தைக் கிரிக்கெற்றின் வழியாக விளக்கிச் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963 இல் நூல் வெளியிட்ட பின்னரும், விளையாட்டெனில் பத்திரிகையின் கடைசிப் பக்கத்துக்குரியது என்னும் எண்ணம் கற்றோரிடையே நீங்கியதாகத் தெரியவில்லை. நாம் இங்கு எடுத்துக்கொள்வது ஜேம்ஸ் எடுத்துக்கொண்டதிலும் மிகச் சிறியதொரு வழக்கம். அயர்லாந்தின் தேசிய விளையாட்டுக்களான கேலிக் உதைபந்தாட்டத்திலும் ஹேர்லிங்கிலும், போட்டிக்குச் சில நாள்கள் முன்னர் முகாமையாளர் பகிரங்கமாக அறிவிக்கும் பதினைவரே போட்டி நாளன்று களமிறங்குவர் என்று எவரும் உறுதியாக நம்புவதில்லை. நம்பாதிருக்கும்படியே அறிவிப்பும் செய்யப்படுகின்றது. ஐரிஷ் மக்கள் இதனை ‘டமி ரீம்’ என்பர். போலிப் பட்டியல் என்று நாம் கூறலாம்.

இவ்விளையாட்டுக்களை நிருவகிக்கும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884 நவம்பர் 1 ஆந் திகதி, திப்பெறெறிக் கவுண்டியின் தேள்ஸ் என்னும் சிறுநகரில், ஒரு ஹோட்டலிற் கூடிய சிலராலே தொடங்கப்பட்டது. மைக்கேல் கியூசாக், மொறிஸ் டேவின் ஆகியோர் அதன் முன்னோடிகள். ஆங்கிலேயரின் விளையாட்டுக்களுக்கு எதிரான பண்பாட்டு இயக்கமாகவே அது வளர்ந்தது. 1920 நவம்பர் 21 இல் டப்ளின் நகரின் குறோக் பார்க் மைதானத்திற் போட்டி நடந்துகொண்டிருக்கையில் அரச படையினர் சுட்டதில் 14 பேர் மாண்டனர். அவர்களுள் மைக்கேல் ஹோகன் என்னும் ஆட்டக்காரரும் ஒருவர். இன்று அம்மைதானம் 82,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொள்ளும். இத்துணைப் பெருங்கூட்டத்தின் முன் ஆடுவோர் ஊதியம் பெறாதவர்கள் என்பதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். ஆசிரியர், விவசாயி, மாணவர், தச்சர் என்போரே கவுண்டி அணிகளின் ஆட்டக்காரர். ஒருவர் தாம் வளர்ந்த ஊரின் கழகத்துக்கும், அக்கழகம் அமைந்த கவுண்டிக்கும் ஆடுகின்றார். (கவுண்டி என்னும் பிரிவே ஆங்கில ஆட்சியாளர் தமது நிருவாக வசதிக்காக வகுத்ததாகும். அவர்களை வெறுத்த மக்கள் அவர்கள் வரைந்த கோட்டின்மீது தமது பற்று முழுவதையும் ஏற்றிவைத்தமை வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.)

போலிப் பட்டியல் ஏன் பயன்தருகின்றது என்பதை அறிய ஆட்டக்காரரின் முதுகிலுள்ள எண்களை நோக்குதல் வேண்டும். ஓர் அணியில் பதினைவர். கோல் காப்பவர் 1. அவர் முன்னே 2, 3, 4 என்போர் கடைசிக் காவல் வரிசை. 5, 6, 7 அதற்கு முன்வரிசை. 8, 9 நடுக்களத்தார். 10 முதல் 12 வரை தாக்குவோரின் முதல் வரிசை. 13 முதல் 15 வரை எதிரணியின் கோலை அடுத்து நிற்போர். இரு அணிகளும் எதிரெதிராக நிற்கையில் 3 க்கு எதிரே 14 நிற்பார். 6 க்கு எதிரே 11. 2 க்கு எதிரே 15. 4 க்கு எதிரே 13. 5 க்கு எதிரே 12. 7 க்கு எதிரே 10. எந்தச் சோடியைக் கூட்டினும் 17 வரும். நடுக்களத்து 8 உம் 9 உம் கூட இக்கணக்குக்கு விலக்கல்ல. எனவே இங்கு எண் என்பது வெறும் அடையாளம் அன்று. அது களத்தில் ஓர் இடத்தையும், அந்த இடத்திற் சந்திக்கவேண்டிய எதிரியையும் ஒருங்கே குறிப்பது. எதிரணியின் 14 ஆக அறிவிக்கப்பட்டவர் உயரமானவரெனின், அவரை மறிக்க உயரமான ஒருவரை 3 ஆக நிறுத்தி, அவ்வாரம் முழுவதும் உயர்ந்து வரும் பந்துகளைப் பிடிக்கப் பயிற்சி அளிப்பர். ஞாயிறன்று அவ்விடத்திற் குள்ளமான, விரைந்தோடும் இளைஞனொருவன் வந்து நிற்பானாயின் அப்பயிற்சி அத்தனையும் வீண்.

ஏமாற்று இருவகைப்படும். ஒன்று, அறிவிக்கப்பட்டவருக்குப் பதிலாக வேறொருவர் ஆடுவது. புதிதாக வருபவர் தமது மாற்று எண்ணை அணிந்தே வருவதால், 21 அல்லது 23 என்ற எண் கொண்டவர் தொடக்கத்திலேயே களத்தில் நிற்பதையும், 13 என்ற எண் மாற்று ஆட்டக்காரரின் ஆசனத்தில் அமர்ந்திருப்பதையும் காணலாம். இரண்டாவது வகை நுட்பமானது. அறிவிக்கப்பட்ட பதினைவருமே ஆடுவர். எண்ணுக்குரிய இடத்தில் மட்டும் எவரும் நில்லார். இவ்வகையைப் பொய்யென்று குற்றஞ்சாட்டுதலும் கடினம். ஆட்டத்தின்போது இடம் மாறுதல் எவர்க்கும் உரிமையன்றோ?

இது விதிமீறலா என்ற கேள்வி எழும். சட்டப்படி செல்லுபடியாவது ஆட்டத்திற்கு முன் மத்தியஸ்தரிடம் கையளிக்கப்படும் பட்டியலே. அது ஐரிஷ் மொழியில் எழுதப்படவேண்டுமென்பது சங்கத்தின் பழைய விதி. பெரிய போட்டிகளில் அச்சாகும் நிகழ்ச்சிச் சிறுநூலுக்காக, 26 பேர் கொண்ட குழுவின் பெயர்களும் எண்களும் வார நடுப்பகுதியிலேயே பெறப்படுகின்றன. பத்திரிகைகளுக்கும் வானொலிக்கும் அளிக்கப்படுவதும் இதுவே. அந்த 26 பேருள் எவர் தொடக்கத்தில் ஆடுவர் என்பதை இந்த அறிவிப்பு எவரையும் இறுதிவரை கட்டுப்படுத்துவதில்லை. மத்தியஸ்தரின் பட்டியலுக்கும் மக்களின் பட்டியலுக்கும் இடையே உள்ள இந்த வெளியிலேதான் போலி அணி வாழ்கின்றது. மத்தியஸ்தரிடம் எவரும் பொய் சொல்வதில்லை. கிரிக்கெற்றில் இவ்வெளி மிக ஒடுங்கியது. நாணயம் சுண்டுமுன் அணித்தலைவர் பெயர்களை எழுத்தில் அளித்தல் வேண்டும். அதன்பின் எதிரணித் தலைவரின் சம்மதமின்றி எவரையும் மாற்றல் இயலாது. தொழில்முறை உதைபந்தாட்டத்திலோ ஆட்டத்திற்கு ஏறக்குறைய ஒரு மணிநேரம் முன்னரே அணி வெளியிடப்படும். அதற்குமுன் எதுவும் சொல்லாதபடியால் பொய் சொல்லவேண்டிய தேவையும் எழுவதில்லை.

இவ்வகைத் திடீர் மாற்றங்களுட் பலரும் நினைவுகூர்வது 2013 இன் அகில அயர்லாந்து ஹேர்லிங் இறுதிப் போட்டியாகும். செப்டெம்பர் 8 இல் கிளேர் அணியும் கோர்க் அணியும் சமநிலையில் முடித்தமையால் 28 ஆந் திகதி மீண்டும் ஆடின. கிளேரின் முகாமையாளர் டேவி பிற்ஸ்ஜெரால்ட். டாரக் ஹோனன் ஆடுவாரென எதிர்பார்க்கப்பட்ட இடத்தில், ஷேன் ஓடொனெல் என்னும் பத்தொன்பது வயது மாணவர் இறக்கப்பட்டார். தாம் ஆடப்போவதை அவரே ஆட்டத்திற்குச் சில மணிநேரம் முன்னர்தான் அறிந்தார். முதற் பத்தொன்பது நிமிடங்களுள் மூன்று கோல்கள் அடித்தார். போட்டி முடிவில் அவர் பெற்றது மூன்று கோல்களும் மூன்று புள்ளிகளும். ஒரு கோல் மூன்று புள்ளிக்குச் சமம். கிளேர் 5-16 க்கு 3-16 என வென்றது. கிளேரின் ஐந்தாவது கோலை ஆட்டத்தின் இறுதிக் கணங்களில் அடித்தவர், மாற்று ஆட்டக்காரராக வந்த ஹோனன். ஒரு நாவலாசிரியன் இவ்வாறு எழுதியிருந்தால் நாம் அதனைச் செயற்கையெனக் கண்டித்திருப்போம்.

இவ்வெற்றி ஒரு வழக்கத்தை நியாயப்படுத்த அடிக்கடி எடுத்தாளப்படும் இயல்புடையது. இளைஞனொருவனை முன்னிரவின் பதற்றத்திலிருந்து காத்தல் என்பது அத்தகைய நியாயம். அதனை முற்றாக மறுக்க முடியாது. எனினும், இளைஞனிடம் மறைத்தலும் மக்களிடம் பொய்யுரைத்தலும் ஒன்றல்ல. முன்னையதற்கு மௌனமே போதும்.

இங்கு வேரானதொரு முரண்பாட்டை நாம் காண்கின்றோம். சங்கம் தன்னை மக்களின் உடைமையெனக் கூறுகின்றது. மைதானத்தைச் செப்பனிடுபவர், நுழைவுச்சீட்டுக் கிழிப்பவர், சிறுவருக்குப் பயிற்சி அளிப்பவர் யாவரும் பெரும்பாலும் ஊதியமற்ற தொண்டர்கள். இவர்களது உழைப்பிலே உருவான அணி, கவுண்டி மட்டத்தை அடைந்ததும் முகாமையாளரின் இரகசியமாகிவிடுகின்றது. மூடிய வாயில்களுக்குள் பயிற்சி, உடலியல் வல்லுநர், புள்ளிவிபர ஆய்வாளர், உளவியலாளர் எனத் தொழில்முறையின் கருவிகள் அனைத்தும் வந்துவிட்டன. தொழில்முறையின் ஊதியம் மட்டும் ஆட்டக்காரருக்கு வரவில்லை. முகாமையாளர் சிலருக்கு மறைமுகமாகப் பணம் வழங்கப்படுதல் பற்றிச் சங்கமே 2012 இல் ஒரு கலந்துரையாடல் அறிக்கை வெளியிட நேர்ந்தது. தகவலைத் தனியுடைமையாக்கும் மனோபாவம் இச்சூழலில் வளர்வது வியப்பன்று. எதிரணியும் இதையே செய்வதால் உண்மை சொல்பவர் மட்டும் நட்டமடைவார். ஆகவே தனியொரு முகாமையாளரைப் பழிப்பதாற் பயனில்லை. ஒருவருக்கொருவர் அறிந்தே பொய் சொல்வதால் எதிரணி ஏமாறுவதும் அரிது. ஏமாறுபவர் வேறு எவரெனில், சிறுநூலை விலைகொடுத்து வாங்கியவரே.

பந்தயத்தையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். அயர்லாந்திற் பந்தயம் சட்டபூர்வமான பெருவணிகம். பந்தய நிறுவனங்களின் அனுசரணையை ஏற்பதில்லையெனச் சங்கத்தின் மாநாடு 2018 இற் பெரும்பான்மையாற் தீர்மானித்தது, பாராட்டத்தக்க தீர்மானம். ஆயின் மெய்யான அணியை அறிந்தவர் முப்பது பேர், பொய்யான அணியை அறிந்தவர் ஒரு நாடு என்ற நிலை நீடிக்கும்வரை, அறிந்தவரின் உறவினர்க்கும் அயலவர்க்கும் ஒரு சந்தைப் பெறுமதி இருந்தே தீரும்.

எம்மை அதிகம் உறுத்துவது இவை எவையுமன்று. 1926 இல் ஐரிஷ் வானொலி ஒரு ஹேர்லிங் போட்டியை நேரடியாக ஒலிபரப்பிய காலம் முதல், பதினைந்து பெயர்களையும் வரிசையாகச் சொல்லுதல் அம்மக்களிடையே ஏறத்தாழ ஒரு சடங்காகவே இருந்துவருகின்றது. சிறு ஊரொன்றின் கழகத்திலிருந்து ஒருவர் பெயர் அவ்வரிசையில் இடம்பெறுமாயின் அது அவ்வூரின் பெருமை. போலிப் பட்டியலில் அப்பெயர் வெறுமனே இடத்தை நிரப்பும் பொருளாகப் பயன்படுத்தப்படுகின்றது. தாம் ஆடப்போவதில்லை என அறிந்திருந்தும் வாழ்த்துக்களை ஏற்று, வாய்திறவாது இருக்கவேண்டிய நிலை அந்த ஆட்டக்காரருக்கு. அவரது பாட்டனார் பத்திரிகையில் அப்பெயரை வெட்டி எடுத்து வைத்திருக்கக்கூடும்.

இறுதிப் போட்டியன்று இரு அணிகளும் ஆட்டேன் வாத்தியக் குழுவின் பின்னே எண் வரிசையில் மைதானத்தைச் சுற்றி அணிவகுத்துச் செல்வது வழக்கம். 12 க்கும் 14 க்கும் இடையே 21 நடந்து வருமாயின் மெய் அப்போதுதான் வெளியாகின்றது. அதற்குச் சற்று முன்னர் ஒலிபெருக்கி மாற்றங்களை அறிவித்திருக்கும். படிக்கட்டு வரிசைகளில் அமர்ந்திருப்போர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, சிறுநூலின் நடுப்பக்கத்தில் ஒரு பெயரை வெட்டி இன்னொன்றை அதன்மேல் எழுதுவர்.