லவெண்டர் மலரும் சமையலும்

சிங்கப்பூரில் லவெண்டர் வீதி என்றொரு வீதி உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அப்பக்கத்துக் காய்கறித் தோட்டங்களுக்கு மலம் எருவாக இடப்பட்டது. அந்நாற்றத்தைக் கேலி செய்தே நறுமண மலரின் பெயர் சூட்டப்பட்டது என்பர். அப்பெயரை அன்றாடம் சொல்வோரும் அம்மலரைச் சவர்க்கார மணமாகவே அறிவர். அதனைச் சமைத்து உண்பர் என்றால் முகம் சுளிப்பர். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

லவெண்டர் மத்தியதரைக் கடல் நாடுகளுக்கு உரிய செடி. துளசி, புதினா, ஓமவல்லி இவற்றின் குடும்பம். அதன் பெயர் 'கழுவுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது என்பது பலர் கொள்கை. நீலநிறம் குறித்த சொல்லே வேர், கழுவுதற் பொருள் பின்னர் வந்து ஒட்டியது என்பாரும் உளர்.

பிரான்சின் தென்பகுதியாகிய புரொவான்ஸில் இரு வகைகள் பயிராகின்றன. ஒன்று மலைச்சரிவுகளில் வளரும் மெய்யான லவெண்டர். 1981-இல் சட்டக் காப்புப் பெற்ற மேற்புரொவான்ஸ் லவெண்டர் எண்ணெய்க்கு, செடி 800 மீட்டருக்கு மேல் வளர்ந்திருத்தல் வேண்டும். மற்றொன்று 'லவாந்தின்' என்னும் கலப்பினம். இதன் விதை முளைக்காது. கிளையை ஒடித்து நட்டே பெருக்குவர். எண்ணெய் மிகுதியாகக் கிடைப்பதால் சமவெளிகளை இதுவே நிரப்பியுள்ளது. நாட்காட்டிகளில் நாம் காணும் ஊதா வயல்களிற் பெரும்பாலன லவாந்தின் வயல்களே.

சமையலுக்கு இவ்வேறுபாடே தலையாயது. மெய்யான லவெண்டரில் கற்பூரக் கூறு மிகச் சிறிது. லவாந்தினில் அது பன்மடங்கு. பச்சைக் கற்பூரம் சற்றே கூடிய சர்க்கரைப் பொங்கலை உண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மெய்யான லவெண்டரின் மணத்திற்கு முதன்மையான 'லினலூல்' என்னும் பொருளோ நமக்குப் புதியதன்று. கொத்தமல்லி விதையின் எண்ணெயிற் பெரும்பங்கு அதுவே.

சமையலுக்குக் கொள்வது நன்கு விரியாத மொட்டு. உலர்ந்தது பசியதைவிடக் காரமான மணமுடையது. ஆதலின் அளவு குறைதல் வேண்டும். மணப்பொருள் நீரைவிடக் கொழுப்பில் நன்கு கரையும். எனவே இளஞ்சூடான பாலிலோ பாலேட்டிலோ மொட்டுகளைச் சிறிதுநேரம் ஊறவிட்டு வடித்துவிடுவர். நெடுநேரம் கொதித்தால் கசப்பு ஏறும். அப்பாலைக் கொண்டு பனிக்கூழ் முதலியன செய்வர். சர்க்கரையோடு மொட்டுகளை மூடிவைத்து, மணமேறிய சர்க்கரையைப் பிஸ்கோத்து மாவிற் சேர்ப்பதும் உண்டு. ஆட்டிறைச்சியிலும் சிறிது தூவுவர்.

இதனைப் புரொவான்ஸ் மக்களின் பழஞ்சமையல் என்று கருதுதல் பொருந்தாது. அம்மக்களுக்கு லவெண்டர் தேன் உண்டு; மலரோ பெரும்பாலும் வடிசாலைக்கே சென்றது. 'புரொவான்ஸ் மூலிகைகள்' என்னும் கலவையில் லவெண்டர் சேர்த்து விற்பது வெளிநாட்டாரை, சிறப்பாக அமெரிக்கரை, நோக்கிய வழக்கம். அக்கலவைக்குப் பிரான்சில் 2003-இல் 'செம்முத்திரை' தரச்சான்று வகுத்தபோது ரோஸ்மேரி, ஆரிகானோ, சேவரி, தைம், பேசில் ஆகிய ஐந்தே இடம்பெற்றன. வயலின் அழகு கண்டு அடுப்பின் கதை புனைவது வணிகர்க்கு எளிது.

ஒன்று மட்டும் உறுதியாகக் கொள்ளத்தக்கது. குப்பியில் விற்கும் லவெண்டர் எண்ணெய் மிகச் செறிந்தது. அதனை மலருக்கு ஈடாக உணவிற் சொட்டலாகாது. சிறுவர் கைக்கு எட்டாமலும் வைத்தல் வேண்டும். அலங்காரத்திற்கு விற்கும் செடியிலும் பூச்சிமருந்து தெளித்திருக்கக்கூடும். உணவுக்கென்றே உலர்த்தி விற்கப்படும் மெய்யான லவெண்டர் மொட்டே அடுக்களைக்கு உரியது. முதன்முறை சமைப்போர்க்கு ஒரு குவளைப் பாலுக்கு அரைத் தேக்கரண்டி போதும்.