தெளிந்த நீரும் இரும்புத் துருவும்

குளத்துநீரால் வரும் வாந்திபேதிக்கு அஞ்சிய வங்கதேசத்து மக்கள், 1970-களில் குழாய்க்கிணறுகளைப் பெருவாரியாக நாடினர். பளிங்கு போன்ற அந்நீரில் ஆர்ஸெனிக் என்னும் நஞ்சு கலந்திருப்பது 1993-ம் ஆண்டில் வெளியாயிற்று. அதற்கு நிறமில்லை, சுவையில்லை, காய்ச்சினும் அகலாது, நெடுநாட் பருகினோர்க்குப் புற்றுநோயும் விளைக்கும்.

அந்நஞ்சு வந்த வழியை நோக்குவோம். ஆறுகள் கொணர்ந்த வண்டலில் இரும்புத் துருவோடு ஒட்டியிருந்த அது, பிராணவாயு புகாத ஆழத்தில் அத்துரு கரையவே நீரிற் கலந்தது. அதனை மீண்டும் பற்றவல்லதும் துருவேயாம்.

மூன்று குடங்களை அடுக்கி வடிகட்டும் எளிய முறை அந்நாட்டில் வகுக்கப்பட்டது. மேற்குடத்து இரும்புத்தூள் துருவேறி நஞ்சை ஈர்க்கும். நடுக்குடத்து மணலும் கரியும் துகளைத் தடுக்கும். அடிக்குடத்தில் நன்னீர் சேரும். துருவின் ஆற்றல் நாளடைவிற் குன்றுமாதலின், வடித்த நீரையும் இடையிடையே சோதித்தல் வேண்டும். தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதே நாம் இதனால் அறியும் பாடம்.