முக்குளிப்பவர் தரும் கட்டணம், கடலுக்குக் காவல்



சாரல் சீசனில் குற்றாலத்துக்கு வெளியூர்க் கூட்டம் வருகிறது. சோப்பு, ஷாம்பு கூடாது என்று தடை இருந்தும் பாக்கெட்டுகள் தண்ணீரில் மிதக்கத்தான் செய்கின்றன. அது எங்கே போகும் என்று நாம் யோசித்திருக்கிறோமா? சிற்றாற்றில் இறங்கி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் கடலுக்குப் போய்ச் சேருகிறது. அந்தக் கடல்தான் மன்னார் வளைகுடா.

அங்கே தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். பவளப்பாறை என்பது வெறும் கல் இல்லை. சின்னஞ்சிறு உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு. மீன் குஞ்சுகள் அங்கேதான் ஒளிந்து வளரும். 1986-ல் இப்பகுதி தேசியப் பூங்கா ஆனது. பாதுகாப்பு வேண்டியதுதான். ஆனால் அந்தத் தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுத்துப் பிழைத்த ராமநாதபுரம் மாவட்டப் பெண்களுக்கு அது பெரிய அடியாக விழுந்தது. அப்படியானால் கடலைக் காக்கும் செலவை யார் தாங்குவது? ஏழைப் பெண்களா, வேடிக்கை பார்க்க வருகிறவர்களா?

இதற்கு ஒரு சின்னத் தீவு வழி காட்டியது. கரீபியன் கடலில் உள்ள பொனேர் தீவில் 1979-ல் கடல் பூங்கா தொடங்கினார்கள். ஆரம்பத்தில் கிடைத்த உதவித்தொகை தீர்ந்ததும் பூங்கா பெயரளவில்தான் இருந்தது. பணம் இல்லாமல் காவலுக்கு ஆள் ஏது? முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் பார்க்கப் போவதை ஸ்கூபா டைவிங் என்பார்கள். அப்படி வருகிறவர்களிடமே கேட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் "தருகிறோம்" என்றார்கள். 1992 முதல் ஆளுக்கு வருடம் 10 டாலர் வசூலானது. கட்டியவருக்கு ஒரு வில்லை கொடுத்தார்கள்; அதை டைவிங் சாமானில் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 2005-ல் கட்டணம் 25 டாலர் ஆனது.

அந்தப் பணத்தில் காவலர் சம்பளம் கொடுத்தார்கள். படகு கட்ட மிதவைகள் போட்டுப் பராமரித்தார்கள். மிதவை இருந்தால் நங்கூரம் போட வேண்டாம். ஒரு நங்கூரம் விழுந்தால் பாறை நொறுங்கும். பெரிய பவளப்பாறை வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு வழி உண்டு. 2006-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி புலிகள் காப்பகங்களுக்குத் தனி அறக்கட்டளை அமைத்து, சுற்றுலா நுழைவுக் கட்டணத்தை அந்தக் காப்பகத்துக்கே செலவிடலாம். நம் பக்கத்துக் களக்காடு முண்டந்துறைக்கும் இந்தச் சட்டம்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. வசூலான பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பொதுக் கணக்கில் கலந்தால் எங்கே போனது என்று தெரியாது.

2. கணக்கை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். நம் குழுவில் சந்தா, கடன், வட்டி எல்லாம் வாசித்துத்தானே தீர்மானம் போடுகிறோம்?

3. பிழைப்பை இழந்தவர்களுக்கு வருமானத்தில் பங்கு வேண்டும். காவல் வேலையோ, சுத்தம் செய்யும் வேலையோ, கடை வைக்கும் உரிமையோ முதலில் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். இது இல்லாவிட்டால் கட்டணம் வெறும் டிக்கெட்தான்.

அருவிக்கரையில் வியாபாரம் செய்கிற, குப்பை அள்ளுகிற சகோதரிகள் நம் குழுக்களிலும் இருக்கிறார்கள். நம் ஊரில் வாங்கும் கட்டணங்கள் எந்தக் கணக்கில் சேருகின்றன, எதற்குச் செலவாகின்றன? அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். தீர்மானம் போட்டுக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். ஒருத்தி கேட்டால் பதில் வராமல் போகலாம். கூட்டமைப்பாகக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.