வங்கிக் கூற்றில் அறியாப் பெயர்கள்

கல்முனைச் சந்தையிற் பொருள் கொள்வோன் வணிகனை முகமறிவான். இணையவழிக் கொள்வோனோ வங்கிக் கூற்றில் அவன் பெயரையும் அறியாது மயங்குகின்றான். காரணம் யாது? 1987இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 8583 என்னும் நியமம் வணிகர் பெயர், ஊர், நாடு மூன்றுக்கும் சேர்த்து 40 எழுத்திடங்களே அளிக்கின்றது. ஆதலின் பெயர்கள் சுருங்கும், அமேசான் 'ஏ.எம்.இசட்.என்.' ஆகும். சிறு கடைகளுக்கெனப் பணம் பெறும் இடைநிலை நிறுவனத்தின் பெயரே தோன்றுவதும் உண்டு. டொலர் விலையோ கணக்கிற் பதியும் நாளின் மாற்று வீதத்தால் ரூபாவில் வேறுபடலாம்.

எனவே தொகையையும் நாளையும் மின்னஞ்சற் பற்றுச்சீட்டுகளோடு ஒப்புநோக்குக, வீட்டாரை வினவுக, மாதச் சந்தாக்களையும் எண்ணுக. பின்னும் விளங்காதாயின் உடனே வங்கிக்கு அறிவித்து அட்டையை நிறுத்துக. சிறுதொகையென விடற்க, களவாடிய அட்டை இயங்குமோ எனக் கள்வர் சிறுதொகையாலேயே சோதிப்பர். வங்கி தீர்வு தராவிடின் இலங்கை மத்திய வங்கியிடம் முறையிடலாம்.