கையுறையில் பிறந்த கர்ஜனை

1954-ல் டோக்கியோவின் டோஹோ ஸ்டூடியோவில் ஒரு சிக்கல். கடலிலிருந்து எழுந்து நகரையே மிதித்து நசுக்கப்போகும் மிருகத்துக்கு உருவம் அமைந்துவிட்டது, குரல் அமையவில்லை. நிஜ விலங்குகளின் குரல்கள் எதுவும் பொருந்தவில்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே வேறு வழி யோசித்தார். டபுள் பேஸ் வாத்தியத்தின் கம்பியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் உரசச் சொன்னார். காட்ஸில்லாவுக்குக் குரல் வந்துவிட்டது.

1914-ல் ஹொக்கைடோ தீவின் குஷிரோவில் பிறந்தவர் இஃபுகுபே. அப்பா கிராமத் தலைவர். அங்கே வாழ்ந்த ஐனு பழங்குடியினரின் பாட்டும் ஆட்டமும் சிறுவயதிலேயே மனதில் பதிந்தன. ஒரே தாளத்தை விடாமல் திரும்பத் திரும்ப அடித்து நெஞ்சை அதிரவைக்கும் அவருடைய பாணிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பேன். கல்லூரியில் படித்ததோ வனவியல். இசையைத் தானாகவே கற்று, 21 வயதில் எழுதிய 'ஜப்பானிய ராப்சடி' பாரிஸ் நடுவர்களிடம் முதல் பரிசு பெற்றது.

போர்க்காலத்தில் விமானத்துக்கான மரங்களை ஆராயும் வேலை. தகுந்த பாதுகாப்பில்லாமல் எக்ஸ்ரே கதிர்களோடு பழகியதில் உடம்பு கெட்டது. அண்ணன் இசாவோவும் கதிர்வீச்சுக்கு இரையாகி 1942-ல் இறந்திருந்தார். வேலையை விட்டவருக்கு இசையே பிழைப்பானது.

1947-ல் முதல் படம், அகிரா குரோசாவா கதை எழுதிய 'பனிப் பாதை'. பனிச்சறுக்குக் காட்சிக்குத் துள்ளலான இசை கேட்டார் இயக்குநர். இஃபுகுபே தந்ததோ தனிமை ததும்பும் இசை. வாக்குவாதம் முற்றியும் அவர் இறங்கிவரவில்லை. அந்த இசைதான் படத்தில் இருக்கிறது.

மிருகப் படத்துக்கு இசையமைத்தால் பேர் கெட்டுவிடும் என்று 1954-ல் நண்பர்கள் தடுத்தார்கள். அமெரிக்க ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஜப்பானிய மீனவர்கள் மேல் விழுந்த ஆண்டு அது. கதிர்வீச்சு என்ன செய்யும் என்பதை வீட்டிலேயே கண்டவர் பின்வாங்குவாரா? 'பர்மிய யாழ்' உட்பட 250-க்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தும், 2006-ல் அவர் மறைந்தபோது உலகம் முதலில் நினைத்தது காட்ஸில்லாவைத்தான்.

அந்த முதல் காட்ஸில்லா படத்தைப் பாருங்கள். கர்ஜனையோடு நிறுத்திவிடாதீர்கள். அழிந்த நகரத்துக்காகப் பள்ளிச் சிறுமிகள் சேர்ந்து பாடும் பிரார்த்தனை ஒன்று பிற்பகுதியில் வரும். அதற்கும் இசை இஃபுகுபேதான். அதை முழுதாகக் கேளுங்கள்.